டாங்கிக்குள் மூன்றாவது ஆள்

1941 ஜூனில் சோவியத் மண்ணுக்குள் நுழைந்த ஜெர்மானியப் படையை டி-34 டாங்கி திகைக்க வைத்தது. அவர்களுடைய 37 மி.மீ. பீரங்கிக் குண்டுகள் அதன் சாய்வான கவசத்தில் பட்டுத் தெறித்தன. ஆனாலும் அந்த ஆண்டில் டி-34கள் ஆயிரக்கணக்கில் அழிந்தன. பயிற்சிக் குறைவு, உதிரிபாகத் தட்டுப்பாடு எனக் காரணங்கள் பல. உள்ளே இருந்தவர்களுக்கு வேலை பிரிக்கப்பட்ட விதமும் ஒரு பெரிய காரணம். அது போதிய அளவு பேசப்படவில்லை என்பது என் எண்ணம்.

டி-34இல் நால்வர். கீழே முன்பக்கம் ஓட்டுநரும், இயந்திரத் துப்பாக்கியைக் கையாள்பவரும். மேலே சுழலும் கூண்டில் குண்டு நிரப்புபவரும் கமாண்டரும். பீரங்கியைக் குறிபார்த்துச் சுடுவதும் கமாண்டரின் பொறுப்புதான். குறிநோக்கியில் கண்ணை வைத்துவிட்டால் பக்கவாட்டில் எதிரி வருவது அவருக்கு எப்படித் தெரியும்? அவரே படைப்பிரிவின் தலைவராகவும் இருந்தால், மற்ற டாங்கிகளுக்கும் அவர்தான் வழிகாட்ட வேண்டும். பல டாங்கிகளில் ரேடியோ கிடையாது, கொடியசைத்துத்தான் கட்டளை.

ஜெர்மனியின் பன்சர் 3, பன்சர் 4 டாங்கிகளில் ஐவர். கூண்டில் மட்டும் மூவர்: ஒருவர் சுட, ஒருவர் குண்டு நிரப்ப, கமாண்டர் சுற்றிலும் பார்த்தபடி இருப்பார். “வலப்பக்கம், புதருக்குப் பின்னால்” என்று அவர் சொல்லும்போதே ஓட்டுநர் வண்டியைத் திருப்புவார், பீரங்கி குறிக்குத் திரும்பும், குண்டும் உள்ளே போயிருக்கும். உறுமும் எஞ்சினுக்கு நடுவே கட்டளை காதில் விழ, குழுவினருக்கு ஹெட்போனும் தொண்டையில் பொருத்தும் மைக்கும் இருந்தன. முதலில் கண்டு முதலில் சுடுபவரே பெரும்பாலும் பிழைத்த போர் அது. கவசம் மெலிந்திருந்தும் ஜெர்மானியர்களின் கை ஓங்க இந்த ஒழுங்கு உதவியது.

சோவியத் பொறியாளர்கள் பாடம் கற்றார்கள். 1944இல் களமிறங்கிய டி-34-85இன் பெரிய கூண்டில் மூன்றாவது ஆளுக்கு இடம் கிடைத்தது. கமாண்டரின் கண்கள் விடுதலை பெற்றன.

பின்னாளில் குண்டு நிரப்பும் வேலையை இயந்திரத்திடம் கொடுத்து, குழுவை மூவராகச் சுருக்கினார்கள். ஆள் குறைந்தால் டாங்கி சிறுக்கும், எடை குறையும். ஆனால் அறுந்த சங்கிலித் தடத்தை மாட்டவும், இரவில் முறைவைத்துக் காவல் இருக்கவும் கை குறைகிறது. நம் ஆவடி தொழிற்சாலையிலிருந்து இரண்டு வகையும் வெளிவந்திருக்கின்றன: டி-72 அஜேயாவில் மூவர், அர்ஜுனில் நால்வர். நாள்கணக்கில் நீளும் போருக்கு அந்த நான்காவது ஆள் தேவை என்பதே என் கருத்து.