ஷேட் கார்டில் அழகாக இருந்த கலர், சுவரில் ஏன் மாறிப்போகிறது? பெட்ரூமுக்கு பெயின்ட் அடிக்கும் முன் கவனிக்க வேண்டியவை!

தரமணியில் ஒரு வாடகை வீடு என்று வைத்துக்கொள்வோம். பக்கத்திலேயே ஐ.டி. கம்பெனியில் வேலை பார்க்கும் கணவன், மனைவி, மூன்று வயதுக் குழந்தை. "ஹாலுக்கு க்ரீம் கலர்தான். பெட்ரூமுக்கு என்ன வேணும்னு நீங்களே சொல்லிடுங்க" என்று வீட்டுக்காரர் பெரிய மனது பண்ணிவிட்டார். அன்று இரவே பஞ்சாயத்து ஆரம்பம். அவருக்கு நீலம் வேண்டும். அவருடைய மனைவிக்கு பீச். கடைசியில் இரண்டு பேரும் இறங்கிவந்து வெளிர் பச்சைக்குச் சம்மதிக்கிறார்கள்.

பெயின்ட் காய்ந்ததும் பார்த்தால், "என்னங்க இது, ஆஸ்பத்திரி வார்டு மாதிரி இருக்கு! கார்டுல இப்படி இல்லையே!"

பல வீடுகளில் கேட்கும் வசனம் இது. தப்பு கார்டில் இல்லை. அதைப் பார்த்த இடத்தில்தான் இருக்கிறது.

கடை வெளிச்சம் வேறு, வீட்டு வெளிச்சம் வேறு

சுவருக்கு என்று தனியாக ஒரு நிறம் கிடையாது. அதன் மேல் விழும் வெளிச்சத்தில் எதைத் திருப்பி அனுப்புகிறதோ, அதுதான் நம் கண்ணுக்கு நிறமாகத் தெரிகிறது. கடையின் பளீர் விளக்கில் பார்த்த ஷேட், வீட்டில் வேறு மாதிரி தெரிவது இதனால்தான். போனில் பார்த்துத் தேர்ந்தெடுப்பது இன்னும் ஆபத்து. திரை தானே வெளிச்சம் தருகிறது, சுவர் அப்படித் தராதே!

அளவும் முக்கியம். கார்டில் இருப்பது விரல் அகலச் சதுரம். அதே நிறத்தை நான்கு சுவர்களிலும் அடித்தால், ஒரு சுவரின் நிறம் இன்னொன்றில் பட்டுத் திரும்பி, மொத்த அறையும் ஓரளவு அடர்த்தியாகத் தெரியும். அதனால் பிடித்த ஷேடைவிட ஒரு படி வெளிர் நிறத்தைத் தேர்ந்தெடுப்பது நல்லது.

ஜன்னலைத் திறந்து பாருங்கள்

வாஸ்து பார்த்துக் கட்டிய வீடுகளில் பெரிய படுக்கையறை பெரும்பாலும் கன்னி மூலையில், அதாவது தென்மேற்கில் இருக்கும். மேற்கு ஜன்னல் வழியாக வரும் சாயங்கால வெயில் மஞ்சளும் சிவப்பும் கலந்தது. பீச், மஞ்சள் போன்ற நிறங்களை அது இன்னும் தூக்கிக் காட்டும். அந்த அறைக்கு வெளிர் சாம்பல், வெளிர் நீலம், வெளிர் பச்சை பொருத்தமாக இருக்கலாம். வடக்கு ஜன்னல் உள்ள அறையில் வெயில் நேராக அதிகம் விழாது, வெளிச்சம் சீராக இருக்கும். அங்கே க்ரீம், சந்தன நிறங்கள் கொஞ்சம் இதம் சேர்க்கும்.

வீடுகள் நெருக்கமாக உள்ள தெருவென்றால், எதிர்வீட்டுச் சுவரையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள். அந்தச் சுவர் பச்சையாக இருந்தால், உங்கள் அறைக்குள் வரும் வெளிச்சத்திலும் கொஞ்சம் பச்சை இருக்கும்.

பல்பை மறக்காதீர்கள்

வேலைக்குப் போகிறவர்கள் படுக்கையறையைப் பெரும்பாலும் ராத்திரியில்தான் பார்க்கிறார்கள். எனவே டியூப்லைட் வெளிச்சத்தில் நிறம் எப்படித் தெரிகிறது என்பதே முக்கியம். எல்.இ.டி. பல்ப் பெட்டியில் 6500K என்று இருந்தால் நீலம் கலந்த வெள்ளை வெளிச்சம். 2700K அல்லது 3000K என்றால் பழைய குண்டு பல்ப் போல மஞ்சள் வெளிச்சம். வெள்ளை விளக்கில் க்ரீம் நிறம் வெளிறிவிடும். மஞ்சள் விளக்கில் வெளிர் நீலம் மங்கிவிடும்.

தூக்கத்துக்கும் இதில் சம்பந்தம் உண்டு. நீலம் கலந்த பளீர் வெளிச்சம், தூக்கத்துக்கு உதவும் மெலடோனின் சுரப்பை ராத்திரியில் குறைக்கிறது. "இந்தக் கலர் அடித்தால் நல்லா தூக்கம் வரும்" என்று தேடுவதற்கு முன், ஒரு மஞ்சள் பல்ப் மாட்டிப் பார்ப்பது சுலபம்; செலவும் குறைவு.

வெளிர் கலர் அடித்தால் அறை குளுகுளுவென ஆகுமா?

வெளிச்சம் கூடும். வெக்கை குறைவது சந்தேகம்தான். மொட்டை மாடிக்குக் கீழே உள்ள படுக்கையறை ராத்திரியிலும் கொதிப்பதற்குக் காரணம், பகலெல்லாம் கூரை வாங்கிவைத்த சூடு. உள்சுவரில் எந்த நிறம் அடித்தாலும் அது பெரிதாக மாறாது. மாடித் தரையில் வெயிலைத் திருப்பி அனுப்பும் வெள்ளைப் பூச்சு அடித்தால் பலன் தெரியும். தெலங்கானா அரசு 2023-ல் இதற்கென்றே குளிர் கூரைக் கொள்கை வெளியிட்டது. வீட்டுக்காரரிடம் பேசும்போது இதையும் கேட்டுப் பாருங்கள்.

ஓதம் இருந்தால் பொறுங்கள்

சுவரில் உப்புப் பூத்திருந்தால், எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய பெயின்ட்டும் உரிந்துவிடும். தண்ணீர் எங்கிருந்து கசிகிறது என்று கண்டுபிடித்துச் சரிசெய்து, சுவர் நன்றாகக் காய்ந்த பிறகே பட்டி, பிரைமர், பெயின்ட். சென்னையில் அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழைக்காலம் என்பதால், முடிந்தால் அதைத் தவிர்த்துவிடுங்கள்.

குழந்தை இருக்கும் வீடா?

நிறத்தைவிட முக்கியமான விஷயம் இதுதான். பழைய பெயின்ட்டில், குறிப்பாகக் கதவு, ஜன்னல் கம்பிகளுக்கு அடித்த எனாமல் பெயின்ட்டில், ஈயம் இருக்கலாம். அதிலும் மஞ்சள், சிவப்பு, பச்சை போன்ற நிறங்களில் வாய்ப்பு அதிகம். வீட்டு உபயோக பெயின்ட்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி 2016-ல் வந்து, 2017 நவம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் அடித்த பெயின்ட் இன்னும் பல வீடுகளில் அப்படியே இருக்கிறது.

ஈயத்தில் பாதுகாப்பான அளவு என்று எதுவும் கிடையாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். குழந்தைகளின் மூளை வளர்ச்சியை அது பாதிக்கும். எனவே பழைய பெயின்ட்டை உப்புத்தாள் போட்டு வறட்டுத் தேய்ப்பாகத் தேய்க்க விடாதீர்கள். நனைத்துத் தேய்க்கச் சொல்லுங்கள். வேலை முடியும்வரை குழந்தைகளும் கர்ப்பிணிகளும் அந்தப் பக்கம் வர வேண்டாம். பிறகு தரையைப் பெருக்காமல், ஈரத்துணியால் துடைத்தெடுங்கள். புது பெயின்ட் வாங்கும்போது டப்பாவில் ஈயம் பற்றிய குறிப்பைப் பாருங்கள். உள்சுவருக்குத் தண்ணீரில் கரையும், வாடை குறைந்த எமல்ஷன் போதும்.

இரண்டு நாள் சோதனை

பிடித்த இரண்டு ஷேடுகளில் சின்ன சாம்பிள் டப்பா வாங்குங்கள். இரண்டடிக்கு இரண்டடி வெள்ளை அட்டையில் இரண்டு கோட் அடித்து, நன்றாகக் காயவிடுங்கள். ஈர பெயின்ட்டின் நிறம் காய்ந்ததும் மாறும். பிறகு அட்டையை ஒவ்வொரு சுவரிலும் சாய்த்துவைத்து, காலை, மதியம், சாயங்காலம், ராத்திரி விளக்கில் பாருங்கள். கட்டில் விரிப்பையும் திரைச்சீலையையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஷேடின் நம்பரைக் குறித்துவையுங்கள். கடையில் கலந்து தந்த பெயின்ட்டைத் திருப்பி எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

'வாடகை வீட்டுக்கு இவ்வளவு மெனக்கெடணுமா?' என்று தோன்றலாம். காலி செய்யும்போது பெயின்டிங் செலவு என்று அட்வான்ஸில் ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொள்வது சென்னையில் சகஜம். எப்படியும் காசு நம்முடையது. இருக்கும்வரை பார்க்கப்போகும் நிறமாவது நமக்குப் பிடித்ததாக இருக்கட்டுமே!