யார் செய்த பாவமோ?

புயல் ஓய்ந்த பின்னும் வெள்ளம் வடிந்த பின்னும் நம் இல்லங்களில் ஒரு பேச்சு எழுவதுண்டு: "யார் செய்த பாவமோ, ஊரே அழிந்துவிட்டது!" சொல்பவர் தீய எண்ணத்துடன் சொல்வதில்லை, நெஞ்சு பதறும்போது வாயில் வரும் சொல் அது. ஆனால் அதற்கு விடை கூற முன்வருவோர் சிலர் விவிலியத்தையே கையில் ஏந்தி வருகின்றனர். நோவா காலத்து வெள்ளமும், சோதோமின் மீது பெய்த நெருப்பும், எகிப்தின் வாதைகளும் அவர்களுக்குச் சான்றுகள். "இறைவாக்கினர் அன்றே சொன்னார்கள்" என்று அவர்கள் அடித்துப் பேசும்போது, எளிய விசுவாசிகள் மறுமொழி அறியாது தலைகுனிகின்றனர். மகனைக் கடலுக்குப் பறிகொடுத்த தாயும் அதனைக் கேட்டுக்கொண்டிருக்கிறாள். ஆகவே, இறைவாக்கினர் உண்மையில் என்ன சொன்னார்கள் என்று அறிவது நமக்குக் கடமையாகிறது. அதற்கு ஒரு நிலநடுக்கத்தை எடுத்துக்கொள்வோம்.

ஆமோஸ் நூலின் முதல் வசனமே அதனைக் குறிப்பிடுகிறது. யூதாவில் உசியாவும் இஸ்ரயேலில் இரண்டாம் எரொபவாமும் ஆண்ட காலத்தில், நிலநடுக்கத்திற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஆமோஸ் இந்தக் காட்சிகளைக் கண்டார் என்கிறது அந்நூல். 'நிலநடுக்கம்' என்று மட்டும் சொன்னால் போதும், எந்த நிலநடுக்கம் என்று எவரும் கேட்கமாட்டார்கள் என்னும் அளவுக்கு அது மக்கள் மனத்தில் பதிந்திருந்தது. இருநூறு ஆண்டுகளுக்குப் பின்னரும், உசியாவின் நாளில் மக்கள் ஓடியதைச் செக்கரியா நூல் நினைவூட்டுகிறது. இதற்கு மண்ணும் சாட்சி கூறுகிறது. கலிலேயாவின் வடக்கே உள்ள ஆட்சோரில் 1955 முதல் 1958 வரை இகேல் யாதீன் என்னும் அறிஞர் நடத்திய அகழாய்வில், சாய்ந்த சுவர்களும் இடிந்து விழுந்த கூரைகளும் வெளிப்பட்டன. கி.மு. எட்டாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், ஏறத்தாழ 760ஆம் ஆண்டளவில் நேர்ந்த நிலநடுக்கத்தின் சுவடுகள் இவை என்பது ஆய்வாளர் கருத்து. சாக்கடலையும் யோர்தான் பள்ளத்தாக்கையும் ஒட்டி நிலத்தட்டுகள் உரசிச் செல்லும் பெரும்பிளவு இருப்பதால், அந்நாடு இன்றளவும் நடுங்கும் நாடே.

இனி, ஆமோஸ் யாரிடம் பேசினார் என்று பார்ப்போம். எருசலேமுக்குத் தெற்கேயுள்ள தெக்கோவாவைச் சேர்ந்த அவர் ஆடுமாடு மேய்த்தவர். காட்டத்தி மரங்களைப் பேணியவர். (காட்டத்திக் காயைக் கத்தியால் கீறிவிட்டால்தான் நன்கு பழுக்கும் என்பர். கீறுவது அவருக்குக் கைவந்த தொழில் போலும்!) அவர் வடக்கே சென்று பெத்தேல் திருத்தலத்தில் நின்றார். அப்போது நாடு செழித்திருந்தது. செல்வருக்குக் குளிர்காலத்திற்கு ஒரு மாளிகை, கோடைக்கு ஒரு மாளிகை. தந்தம் இழைத்த கட்டில்கள். இவை வெறும் கவிஞர் கற்பனை அல்ல. இஸ்ரயேல் அரசர் வாழ்ந்த சமாரியாவின் இடிபாடுகளில் செதுக்கிய தந்தத் துண்டுகள் ஏராளமாகக் கிடைத்துள்ளன. அதே நாட்டில், ஒரு சோடிக் காலணிக்காக ஏழை விற்கப்பட்டான். மரக்கால் சிறுத்தது, எடைக்கல் பெருத்தது, பதரும் கோதுமையாக விலைபோனது. ஓய்வுநாள் எப்போது முடியும், கடை எப்போது திறக்கலாம் என்று வணிகர் காத்திருந்தனர். வழிபாட்டிலோ குறைவில்லை, பலிகளும் பாடல்களும் பெருகின.

இந்தக் கூட்டத்தின் நடுவில் நின்றுதான் ஆமோஸ் பஞ்சத்தையும் வறட்சியையும் வெட்டுக்கிளியையும் கொள்ளைநோயையும் ஒன்றன்பின் ஒன்றாக எடுத்துரைக்கிறார். ஒவ்வொன்றின் முடிவிலும், இத்தனைக்குப் பின்னும் நீங்கள் என்னிடம் திரும்பவில்லையே என்று ஆண்டவர் வருந்துவதை நாம் கேட்கிறோம். இங்கே ஒன்றைக் கூர்ந்து நோக்க வேண்டும். செத்தவர்களைச் சுட்டி, 'அவர்கள் பாவிகள், ஆதலால் மாண்டார்கள்' என்று ஆமோஸ் ஓரிடத்திலும் கூறவில்லை. உயிரோடு தம் எதிரே நின்றவர்களை, அதிலும் வயிறு நிறைந்தவர்களையே அவர் நோக்குகிறார். நூலின் தொடக்கத்தில் தமஸ்குவையும் காசாவையும் தீரையும் சாடியபோது கேட்டவர்கள் மகிழ்ந்திருக்கக்கூடும். ஆனால் அந்தச் சுற்று முடிவில் இஸ்ரயேலின் மீதே வந்து நிற்கிறது. அதனால்தான் குரு அமட்சியாவுக்குச் சினம் மூண்டது. யூதாவுக்குப் போய் அங்கே பிழைத்துக்கொள் என்று அவரை விரட்டினான்.

அதற்குச் சற்றுமுன் வரும் பகுதியை நம்மில் பலர் விரைந்து கடந்துவிடுகிறோம். ஏழாம் அதிகாரத்தில் ஆண்டவர் வெட்டுக்கிளிகளை உருவாக்குவதை ஆமோஸ் காட்சியில் காண்கிறார். 'தகுந்த தண்டனைதான்' என்று அவர் தலையசைக்கவில்லை. மன்னிக்கும்படி மன்றாடுகிறார், யாக்கோபு மிகச் சிறியவன், எப்படித் தாங்குவான் என்று கெஞ்சுகிறார். ஆண்டவர் மனமிரங்குகிறார். அடுத்து நெருப்பு வருகிறது. மறுபடியும் மன்றாட்டு, மறுபடியும் இரக்கம். எவர்களை அவ்வளவு கடுமையாகச் சாடினாரோ அவர்களுக்காகவே அவர் பரிந்து பேசுகிறார். பரிந்து பேசத் தெரியாதவன் தண்டனையைப் பற்றிப் பேசத் தகுதியற்றவன் என்றே எமக்குத் தோன்றுகிறது.

மற்ற இறைவாக்கினரிடமும் இதே போக்கைக் காணலாம். வெட்டுக்கிளிப் படையெடுப்பைக் கண்ட யோவேல், ஆடையை அன்று, இதயத்தைக் கிழித்துக்கொள்ளுமாறு அழைக்கிறார். திருநீற்றுப் புதனன்று நாம் வாசிக்கக் கேட்பது அந்தப் பகுதியே. நினிவே நாற்பது நாளில் அழியும் என்று அறிவித்த யோனா, அது அழியாததைக் கண்டு கோபித்தார். கேட்டை அறிவிப்பதன் நோக்கமே அது நேராதிருக்க வேண்டும் என்பதுதான்; இதனை யோனா கற்றுக்கொள்ள ஒரு செடி வாட வேண்டியிருந்தது.

பிற்காலத்தாரோ பொறுமையாயிருக்கவில்லை. கி.பி. முதல் நூற்றாண்டின் யூத வரலாற்றாசிரியர் யோசேப்பு, கோவிலில் தூபம் காட்டத் துணிந்த உசியா அரசனின் குற்றத்தோடு அந்த நிலநடுக்கத்தை இணைத்து எழுதினார். குறிப்பேடு நூலைப் புரட்டிப் பார்த்தால், அக்குற்றத்திற்காக உசியாவுக்குத் தொழுநோய் கண்டது என்று மட்டுமே உள்ளது. நிலம் நடுங்கியதாக ஒரு சொல்லும் இல்லை. விவிலியம் பெயர் சொல்லாது விட்ட இடத்தில் மனிதன் ஒரு பெயரை எழுதிவிட்டான்.

இவ்வழக்கம் அத்தோடு நிற்கவில்லை. 1755ஆம் ஆண்டு நவம்பர் 1ஆம் நாள், அனைத்துப் புனிதர் பெருவிழாவன்று காலையில், போர்த்துக்கல் நாட்டின் லிஸ்பன் நகரம் அதிர்ந்தது. திருப்பலிக்குக் கூடியிருந்தோர்மீது கோவில்கள் இடிந்து விழுந்தன; பின்னர்க் கடல் பொங்கிற்று; எஞ்சியதைத் தீ தின்றது. பல்லாயிரவர் மாண்டனர். உடனே, இது கத்தோலிக்கரின் மூடநம்பிக்கைக்குக் கிடைத்த தண்டனை என்றனர் பிற சபைப் போதகர் சிலர். நகரின் பாவங்களுக்கான தண்டனை என்றார் நம் குரு ஒருவர். அவரவர் விரல் அவரவருக்கு வேண்டிய திசையில் நீண்டது. கோவிலுக்குள் செபித்துக்கொண்டே மாண்டவர்களைப் பற்றி இருசாராரும் என்ன எண்ணினரோ!

இத்தகைய கேள்வியோடு சிலர் நம் ஆண்டவரிடமே வந்தனர். பலி செலுத்தும்போது பிலாத்து கொன்ற கலிலேயரைப் பற்றிச் சொன்னார்கள். அவரோ அதனோடு ஒரு விபத்தையும் சேர்த்துக்கொண்டார்: சீலோவாமில் கோபுரம் விழுந்து பதினெட்டுப் பேர் இறந்தனரே, எருசலேமில் குடியிருந்த மற்ற எல்லாரையும்விட அவர்கள் குற்றவாளிகளா? அல்லவே அல்ல என்பது அவருடைய தெளிந்த மறுமொழி. பின்பு, கேட்க வந்தவர்களையே மனம் மாறச் சொன்னார். ஆமோசின் விரல் நீண்ட அதே திசைதான். திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல், மனிதத் துன்பத்தைக் குறித்து 1984ஆம் ஆண்டு எழுதிய திருமடலில், துன்பம் எல்லாம் குற்றத்தின் விளைவல்ல என்று யோபுவைக் காட்டி விளக்கியுள்ளார்.

நமக்கு இது ஏட்டளவில் நிற்கும் செய்தியன்று. 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் ஞாயிறு, திருக்குடும்பப் பெருவிழா. கிறிஸ்து பிறப்பை ஒட்டி வேளாங்கண்ணிக்கு வந்த குடும்பங்கள் பல கடற்கரையில் இருந்தபோது ஆழிப்பேரலை அவர்களை வாரிச் சென்றது. பேராலயத்திற்குள் இருந்தோர் உயிர் தப்பினர். அதற்காக நன்றி செலுத்தியது தகும். ஆனால் உள்ளே இருந்தோர் நல்லோர், கரையில் நின்றோர் பாவிகள் என்று எவரேனும் கணக்கிட்டால் அக்கணக்கை நாம் ஏற்கலாகாது. கரையில் நின்றோரும் அதே அன்னையைக் காண வந்தவர்களே. அவர்களுள் குழந்தைகள் எத்தனை பேர்! சுமத்திரா அருகே கடலடித் தட்டு நழுவியதால் எழுந்த அலை அது. பெயர் கேட்டு வரவில்லை.

அப்படியானால் தீர்ப்பு என்பதே இல்லையா? உண்டு. 2015ஆம் ஆண்டு டிசம்பரில் சென்னை மூழ்கியபோது, மழை வானிலிருந்து வந்தது. நீர் போகவேண்டிய ஏரிகளையும் சதுப்பு நிலத்தையும் மனை போட்டு விற்றவர்கள் மண்ணில்தான் இருந்தார்கள். அங்கே ஆமோஸ் வந்திருந்தால், ஆற்றோரக் குடிசையில் அனைத்தையும் இழந்தவனிடம் 'உன் பாவம் என்ன?' என்று கேட்டிருக்கமாட்டார். பத்திரம் எழுதியவனையும், கையூட்டு வாங்கியவனையும், மேட்டுநிலத்து வீட்டில் அமர்ந்து 'யார் செய்த பாவமோ' என்று வியந்த நம்மையும் தேடி வந்திருப்பார்.

துயர வீட்டிற்குச் செல்லும்போது என்ன சொல்வது என்று கேட்போர் உண்டு. யோபுவின் நண்பர் மூவரும் முதலில் ஏழு பகலும் ஏழு இரவும் அவரோடு தரையில் அமர்ந்து, ஒரு சொல்லும் பேசாதிருந்தனர். அதுவரை அவர்கள் நல்ல நண்பர்களாகவே இருந்தார்கள்.