ஜமைக்காவின் கஞ்சாச் சட்டமும் துப்பாக்கிக் கணக்கும்

2015 ஏப்ரல் 15 முதல் ஜமைக்காவில் இரண்டு அவுன்ஸ், அதாவது சுமார் 56 கிராம் வரை கஞ்சா வைத்திருப்பவரைப் போலீஸ் கைது செய்வதில்லை. 500 ஜமைக்கா டாலருக்கு அபராதச் சீட்டு கொடுப்பதோடு சரி. குற்றப் பதிவும் கிடையாது. ஒரு வீட்டில் ஐந்து செடி வரை வளர்க்கலாம். ரஸ்தஃபாரி சமயத்தார் வழிபாட்டில் பயன்படுத்தவும் அனுமதி உண்டு. இப்படிச் சட்டம் தளர்ந்ததால்தான் அந்தத் தீவில் கொலை பெருகியது என்று சொல்பவர்கள் உண்டு. நடந்ததைப் பார்த்தால் அது பொருந்தவில்லை. அந்தத் திருத்தத்தின் குறை தளர்த்தியதில் இல்லை, பாதியில் நின்றுவிட்டதில் இருக்கிறது.

1845 முதல் கரும்புத் தோட்டங்களுக்குக் கப்பலேற்றப்பட்ட இந்தியக் கூலித் தொழிலாளர்களோடு போய்ச் சேர்ந்தது கஞ்சா. பெரும்பாலோர் கல்கத்தா வழியாகவும் ஒரு பகுதியினர் சென்னை வழியாகவும் போனவர்கள். 1913இல் ஆங்கிலேய ஆட்சி அதைத் தடை செய்தது. சுதந்திரம் கிடைத்த இரண்டே ஆண்டில், 1964இல், சொந்த அரசு அதைவிடக் கடுமையாகக் கட்டாயச் சிறைத் தண்டனையைக் கொண்டுவந்தது. 1972இல் அது நீங்கினாலும் கைதுகள் தொடர்ந்தன. சிக்கியவர்களில் பெரும்பாலோர் ஏழை இளைஞர்கள். ஒரு சுருட்டுக்காகப் பெயர் பதிவேட்டில் ஏறிவிட்டால் வேலையும் இல்லை, அமெரிக்க விசாவும் இல்லை. பேரி செவான்ஸ் தலைமையிலான தேசிய ஆணையம், சொந்தப் பயன்பாட்டைக் குற்றப் பட்டியலிலிருந்து நீக்கும்படி 2001இலேயே பரிந்துரைத்தது. அரசு அதைச் செய்ய 14 ஆண்டு எடுத்துக்கொண்டது. அதற்குள், 2014 ஆகஸ்டில், சிறிதளவு கஞ்சாவுக்காக மோண்டிகோ பேயில் அடைக்கப்பட்ட இளைஞர் ஒருவர் லாக்கப்பில் தாக்கப்பட்டு இறந்துபோனார். அந்தத் தாமதத்தை என்னால் மன்னிக்க முடியவில்லை.

இனி கொலைக் கணக்கு. கைது நடந்துகொண்டிருந்த 2009இல் 1,600க்கு மேல் கொலைகள். தளர்வுக்குப் பிந்தைய 2017இலும் 1,600க்கு மேல். கஞ்சாச் சட்டம் அப்படியே இருக்க, 2024இல் எண்ணிக்கை ஏறத்தாழ 1,140 ஆக இறங்கியது. இந்த ஏற்ற இறக்கத்துக்குக் கஞ்சாச் சட்டம் காரணமாக இருக்க முடியாது. காரணம் வேறு இடத்தில் இருக்கிறது: அமெரிக்காவிலிருந்து சரக்கோடு சரக்காக ஒளிந்து வரும் துப்பாக்கி, தென் அமெரிக்காவிலிருந்து வடக்கே போகும் கொக்கைன், லாட்டரி மோசடிப் பணம், இவற்றுக்கெல்லாம் முன்பே வேரூன்றிவிட்ட கட்சி அரசியல். கிங்ஸ்டனின் ஏழைக் குடியிருப்புகளை இரண்டு பெரிய கட்சிகளும் ஆயுதம் ஏந்திய கோட்டைகளாக்கின. 1980 தேர்தல் ஆண்டில் மட்டும் கொலைகள் எண்ணூறைத் தாண்டின. அப்படி வளர்ந்த டிவோலி கார்டன்ஸின் தாதாதான் கிறிஸ்டோபர் 'டூடஸ்' கோக். அவரை ஒப்படைக்கும்படி 2009 ஆகஸ்டில் அமெரிக்கா கேட்டது. அந்தப் பகுதியின் நாடாளுமன்ற உறுப்பினராகவும் இருந்த பிரதமர் புரூஸ் கோல்டிங் மாதக்கணக்கில் இழுத்தடித்தார். 2010 மே மாதம் படை உள்ளே நுழைந்தபோது எழுபது பேர் அளவில் மாண்டார்கள். தாதாவுக்கும் தொகுதிக்கும் இருந்த அந்த உறவை எந்தப் போதைப்பொருள் சட்டமும் தொட்டதில்லை.

ஹெய்ட்டியைக் காட்டிச் சொல்லப்படும் எதிர்வாதம் வலுவானது. ஜமைக்காக் கஞ்சா மீன்பிடிப் படகில் அங்கே போகிறது, பதிலுக்குத் துப்பாக்கி வருகிறது. ஆகவே கஞ்சாவுக்கும் கொலைக்கும் தொடர்பில்லை என்று சொல்லலாமா என்று கேட்கிறார்கள். தொடர்பு உண்டு. ஆனால் இந்தப் பண்டமாற்று 2015க்கு முன்பே நடந்துவந்தது. தடைதான் அந்தச் சரக்கைக் கடத்தல்காரன் கையில் விட்டது. இளையோர் மனநலம் பற்றிய கவலையும் நியாயமானதே. அதனால்தான் 18 வயதுக்கு உட்பட்டவர்களைத் தேசியப் போதைப்பொருள் தடுப்பு மன்றத்துக்கு அனுப்பச் சட்டமே சொல்கிறது. பொது இடத்தில் புகைப்பதும் தடையிலேயே இருக்கிறது.

சட்டம் கைவிட்டது மலைச்சரிவில் பயிரிடும் சிறு விவசாயியை. வளர்த்து விற்க உரிமம் வேண்டும்; அதற்குக் கட்டணம், வேலி, காவல் ஏற்பாடு, நிலப் பத்திரம் எல்லாம் வேண்டும். முதலீடு உள்ள நிறுவனம் இவற்றைச் செய்துவிடும். தலைமுறையாகப் பயிரிட்டும் பட்டா இல்லாதவரால் முடியாது. ஐந்து செடிக்கு மேல் வளர்த்தால் அவர் இன்றும் குற்றவாளி; விளைந்ததை வாங்க முன்வருபவன் படகுக்காரன். உரிமக் கட்டணத்தைக் குறைத்து, சிறு விவசாயிகள் கூட்டுறவாகச் சேர்ந்து விற்க வழி செய்தால், ஹெய்ட்டிக்குப் போகும் சரக்கில் ஒரு பகுதியாவது கரையிலேயே நிற்கும்.