கோப்பு கசிந்தால் குற்றம் யாருடையது?

2019 பிப்ரவரியில் சென்னையிலிருந்து வெளிவரும் ‘தி இந்து’ நாளிதழ், ரஃபேல் போர் விமானக் கொள்முதல் பற்றிய அரசுக் கோப்புகளை வெளியிட்டது. எழுதியவர் என். ராம். பிரான்சுடன் பாதுகாப்பு அமைச்சகம் பேச்சுவார்த்தை நடத்திக்கொண்டிருந்தபோதே பிரதமர் அலுவலகமும் தனியாகப் பேசியதற்கு, அமைச்சகத்துக்குள் 2015 நவம்பரில் எழுந்த ஆட்சேபத்தைப் பதிவு செய்த குறிப்பு அவற்றில் ஒன்று.

மார்ச் 6 அன்று உச்ச நீதிமன்றத்தில் அட்டர்னி ஜெனரல் கே.கே. வேணுகோபால், அந்த ஆவணங்கள் அமைச்சகத்திலிருந்து திருடப்பட்டவை என்றார். பாதுகாப்பு அமைச்சகத்திலேயே திருட்டா என்று எதிர்க்கட்சிகள் பிடித்துக்கொண்டன. அசல் எதுவும் காணாமல் போகவில்லை, நகல்களைத்தான் சொன்னேன் என்று இரண்டு நாளில் அவர் விளக்கம் தந்தார். திருட்டுப் புகாரில் அரசுக்கு இன்னொரு சங்கடமும் உண்டு. புகார் சொன்ன கணமே, காகிதம் போலியல்ல என்று அரசே சான்றிதழ் கொடுத்துவிடுகிறது.

அரசு கையில் எடுத்தது 1923ஆம் ஆண்டின் அலுவல்சார் ரகசியச் சட்டம். பிரிட்டிஷ் ஆட்சி தன் குடிமக்களை நம்பாமல் எழுதிய சட்டம் இது. இதன் 5ஆவது பிரிவின்படி, ரகசியத்தைக் கொடுத்தவரோடு, தெரிந்தே வாங்கியவரும் குற்றவாளிதான். ஆனால் ரகசியம் என்றால் எது என்று சட்டம் வரையறுக்கவே இல்லை. முத்திரை குத்துகிற அதிகாரி எதை நினைக்கிறாரோ அதுவே ரகசியம். இதன் விளைவை டெல்லிப் பத்திரிகையாளர் இஃப்திகார் கிலானி அனுபவித்தார். 2002 ஜூனில் இச்சட்டத்தின் கீழ் கைதாகி ஏழு மாதம் திகார் சிறையில் இருந்தார். அவரிடம் இருந்ததோ, யாரும் இணையத்தில் படிக்கக்கூடிய கட்டுரை. கடைசியில் அரசே வழக்கைத் திரும்பப் பெற்றது.

ரஃபேல் கொள்முதல் பற்றி விசாரணைக்கு உத்தரவிட மறுத்த தீர்ப்பின் மீதான சீராய்வு மனுவை இந்த ஆவணங்களை வைத்து விசாரிக்கக் கூடாது என்ற அரசின் ஆட்சேபத்தை, 2019 ஏப்ரல் 10 அன்று உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகளும் ஒருமனதாகத் தள்ளினார்கள். ரகசிய முத்திரை உள்ள ஆவணத்தை வெளியிடாமல் தடுக்கும் அதிகாரத்தை 1923 சட்டம் அரசுக்குத் தரவில்லை என்றார்கள். வியட்நாம் போர் பற்றிய பென்டகன் ஆவணங்கள் வழக்கில் 1971இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பையும் மேற்கோள் காட்டினார்கள். வெளியிடுவதால் வரும் பொதுநன்மை கேட்டைவிட அதிகமானால் ரகசியச் சட்டம் இருந்தாலும் தகவலைத் தரலாம் என்கிறது, 2005ஆம் ஆண்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 8(2) பிரிவு. அதுவும் அன்று கைகொடுத்தது. ஆனால் நவம்பர் 14 அன்று சீராய்வு மனுக்களே தள்ளுபடியாயின. ஆவணத்தைப் படிக்கலாம் என்பது வேறு, அது குற்றச்சாட்டை நிரூபித்துவிட்டது என்பது வேறு.

இப்படிப்பட்ட கோப்பு கைக்கு வந்தால் பத்திரிகையாளர் எதைப் பார்க்க வேண்டும்? படை நகர்வு, உளவாளியின் பெயர், ஆயுதத்தின் தொழில்நுட்பம் என்றால் அதை வெளியிடுவதற்கு நியாயமே இல்லை. யார் எவ்வளவுக்குப் பேரம் பேசினார், எந்த எச்சரிக்கை புறக்கணிக்கப்பட்டது என்பது மக்கள் பணம் பற்றிய செய்தி. அதை மூடிவைப்பதால் காப்பாற்றப்படுவது பெரும்பாலும் அரசின் மானம்தான், நாட்டின் எல்லை அல்ல.

ஆனால் கோப்பை வெளியிட்டால் முழுதாக வெளியிட வேண்டும். ரஃபேல் விஷயத்தில் ‘இந்து’வின் முதல் செய்தி இங்கேதான் சறுக்கியது. அந்த ஆட்சேபக் குறிப்பின் அடியிலேயே அன்றைய பாதுகாப்பு அமைச்சர் மனோகர் பரிக்கர், அதன் ஒரு பகுதி மிகையான எதிர்வினையாகத் தோன்றுகிறது என எழுதியிருந்தார். செய்தியில் அந்தப் பகுதி இல்லை. அரசுத் தரப்பு அன்றே முழுக் குறிப்பையும் காட்டி, செய்தியை ஒருதலையானது என்றது. பரிக்கரின் வரியைச் சேர்த்திருந்தால் செய்தி பலவீனமாகியிருக்காது. அரசின் வாய்தான் அடைபட்டிருக்கும்.

கோப்பைக் கொடுத்தவர் யார் என்று சொல்ல முடியாது என்று ராம் உறுதியாக நின்றார். நிற்க வேண்டியும் இருந்தது. பத்திரிகைக்கு நீதிமன்றம் துணை நின்றது, கொடுத்த அதிகாரிக்கு அந்தத் தீர்ப்பில் எந்தப் பாதுகாப்பும் இல்லை. பிடிபட்டால் வேலை போகும், சிறையும் வரலாம். முறைகேட்டை அம்பலப்படுத்துவோரைக் காக்க நாடாளுமன்றம் 2014இல் ஒரு சட்டம் நிறைவேற்றியது. அது இன்னும் நடைமுறைக்கு வரவில்லை. வந்தாலும், ஊழல் கண்காணிப்பு ஆணையம் போன்ற அமைப்புகளிடம் புகார் கொடுப்பவருக்குத்தான் அதில் இடம் உண்டு, பத்திரிகை அலுவலகத்தின் கதவைத் தட்டுபவருக்கு இல்லை.