மனச்சோர்வு மூளையின் ரசாயனக் கோளாறு மட்டும்தானா?

"மூளையில் செரோட்டோனின் குறைந்துவிட்டது, மாத்திரை போட்டால் சரியாகிவிடும்." மனச்சோர்வுக்கு வைத்தியம் பார்த்த பலர் இதைக் கேட்டிருப்பார்கள். கேட்க ஆறுதலாக இருக்கிறது, ஆனால் நிரூபிக்கப்பட்ட விளக்கம் அல்ல.

இந்த விளக்கம் எங்கிருந்து வந்தது?

1950களில், நம் நாட்டு மூலிகையான சர்ப்பகந்தாவிலிருந்து எடுத்த ரிசர்பினை இரத்தக் கொதிப்புக்குக் கொடுத்தார்கள். சாப்பிட்ட சிலருக்கு மனம் சோர்ந்தது. காசநோய்க்குக் கொடுத்த ஐப்ரோனியாசிட், நோயாளிகளுக்கு உற்சாகம் தந்தது. முன்னது செரோட்டோனின் போன்றவற்றைக் குறைக்கும், பின்னது கூட்டும். ஆக, இவை குறைவதால்தான் மனச்சோர்வு வருகிறது என்று ஊகித்தார்கள். 2022இல் லண்டன் யுனிவர்சிட்டி காலேஜின் ஜோவன்னா மான்கிரீஃப் குழு அதுவரை வந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து, செரோட்டோனின் குறைவே காரணம் என்பதற்கு உறுதியான ஆதாரம் இல்லை என்றது. அதை மறுத்த நிபுணர்களும் உண்டு. ஆனாலும் ஒரே ரசாயனத்தின் மேல் பழிபோடும் விளக்கத்துக்கு அவர்களில் பலரும் வக்காலத்து வாங்கவில்லை.

எண்ணூரில் கேட்க வேண்டிய கேள்வி

மூளைக்கு வெளியே உள்ள காரணங்களுக்கு வடசென்னையின் எண்ணூரைப் பாருங்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலித் தொழிற்பகுதியின் எண்ணெய் எண்ணூர் முகத்துவாரத்தில் இறங்கியது. படகு, வலை, அலையாத்தி மரத்தின் வேர் எல்லாவற்றிலும் கறுப்புப் பிசுக்கு. பிடித்த மீனையும் வாங்க ஆளில்லை. அதே மாதம் 26ஆம் தேதி நள்ளிரவில் பெரியகுப்பம் அருகே அமோனியா கசிய, மக்கள் மூச்சுத் திணறி, பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வீட்டைவிட்டு ஓடினார்கள்.

அப்படி ஓடிய ஒரு தாய், ராத்திரியில் தூக்கம் வரவில்லை, நெஞ்சு படபடக்கிறது, சோறு இறங்கவில்லை என்று வந்தால் மூளையைப் பற்றி மட்டும் பேசி அனுப்புவது நியாயமில்லை. தொழில் நடக்கிறதா, தண்டல்காரருக்கு எவ்வளவு பாக்கி, வீட்டில் யார் குடிக்கிறார்கள் என்று கேட்டாக வேண்டும். கடன், வேலையிழப்பு, வன்முறை, பேரிடர் ஆகியவை மனச்சோர்வின் அபாயத்தைக் கூட்டும் என்பதற்கு வலுவான ஆதாரம் இருக்கிறது. பரம்பரைக்கும் உடல்நோய்க்கும் பங்குண்டு. தைராய்டு குறைபாடும் இதே சோர்வைத் தரும்.

மாத்திரையை நிறுத்திவிடலாமா?

கூடாது. காரணம் பற்றிய விளக்கம் ஆட்டம் கண்டதால் மருந்து வீண் என்றாகிவிடாது. 2018இல் லான்செட் இதழில் வந்த தொகுப்பு ஆய்வில், 522 சோதனைகளில் பார்த்த 21 மருந்துகளும் வெற்று மாத்திரையைவிடச் சராசரியில் கூடுதல் பலன் தந்தன. கடுமையான சோர்வில் அவை உயிர் காக்கவும் கூடும். திடீரென்று நிறுத்தினால் தலைசுற்றல், எரிச்சல், தூக்கக்கேடு வரலாம். டாக்டரிடம் பேசி, படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும்.

பேச்சு சிகிச்சையும் பலன் தரும். கோவாவில் ஆரம்ப சுகாதார நிலையங்களில், பயிற்சி பெற்ற சாதாரண ஆட்களே ஆறு முதல் எட்டு அமர்வுகள் பேசி மனச்சோர்வைத் தணித்துக் காட்டினார்கள். நம் குப்பங்களின் சுகாதார நிலையங்களிலும் அது வேண்டும்.

ராயபுரம், திருவொற்றியூர்க்காரர்களுக்கு ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் வந்தால் காத்திருக்க வேண்டாம். டெலி மானஸ் மனநல உதவி எண் 14416இல் இரவு பகல் எந்நேரமும் கட்டணமின்றித் தமிழில் பேசலாம்.