கட்டட ஆற்றல் மாதிரி: எல்லை வகுப்பது எப்படி?

ஒரு கட்டடம் ஓராண்டில் எவ்வளவு மின்சாரமும் எரிபொருளும் செலவழிக்கும் என்பதைக் கணினியில் கணக்கிட்டுப் பார்ப்பதே ஆற்றல் மாதிரியாக்கம். சுவர், கூரை, கண்ணாடி, விளக்கு, ஏசி, ஆட்களின் நடமாட்டம் ஆகியவற்றோடு அந்த ஊரின் தட்பவெப்பத் தரவையும் கொடுத்தால், ஆண்டின் 8,760 மணி நேரத்துக்கும் மென்பொருள் கணக்குப் போடும். அமெரிக்க எரிசக்தித் துறையின் ‘எனர்ஜிபிளஸ்’ இலவசமாகவே கிடைக்கிறது. செலவில் பெரும்பகுதி வல்லுநரின் உழைப்பு நேரம்தான். அது சில நாட்களில் முடியுமா, சில மாதங்கள் இழுக்குமா என்பது பணி தொடங்குமுன் வகுக்கப்படும் எல்லையை, அதாவது எதை எவ்வளவு நுணுக்கமாகக் கணக்கிடுவது என்பதைப் பொறுத்தது.

எந்த முடிவுக்காக?

மாதிரி தரும் விடையை வைத்து யார், என்ன முடிவெடுக்கப் போகிறார்கள் என்பதே முதல் கேள்வி. நோக்கங்கள் பெரும்பாலும் மூன்று வகை: விதிகளுக்கு உட்பட்டிருப்பதைக் காட்டுவது, வடிவமைப்பில் எதைத் தேர்வது என்று முடிவு செய்வது, பழைய கட்டடத்தைச் சீரமைத்தால் எவ்வளவு மிச்சமாகும் என்று அறிவது.

முதல் வகைக்கு ஒரு மாதிரி போதாது. இந்தியாவில் 2017-ல் வெளியான எரிசக்தி சிக்கனக் கட்டட விதித்தொகுப்பு, 100 கிலோவாட் அல்லது அதற்கு மேல் மின்சுமை கொண்ட வணிகக் கட்டடங்களை உள்ளடக்கியது. மாதிரி வழியாக அதை நிறைவு செய்ய விரும்புவோர், கட்டப்போகும் கட்டடத்தையும், அதே அளவில் விதியின் குறைந்தபட்சத் தேவைகளை மட்டும் நிறைவு செய்யும் கற்பனைக் கட்டடத்தையும் கணக்கிட்டு ஒப்பிட வேண்டும். ‘லீட்’ பசுமைக் கட்டடச் சான்றிதழுக்குப் பயன்படும், அமெரிக்கப் பொறியாளர் அமைப்பான ‘ஆஷ்ரே’வின் 90.1 தரநிலையின் இணைப்பு ஜி, ஒப்பீட்டுக் கட்டடத்தை நான்கு திசைகளிலும் திருப்பிவைத்துச் சராசரி எடுக்கச் சொல்கிறது. இப்படிக் கிடைப்பது ஒப்பீட்டு விடை மட்டுமே. வரப்போகும் மின்கட்டணத்தின் முன்கணிப்பு அல்ல.

இரண்டாம் வகையில் காலமே முக்கியம். வரைபடம் முடியாத நிலையில், கட்டடத்தை வெறும் பெட்டியாகப் பாவித்துக்கூடத் திசை, கண்ணாடியின் பரப்பு, நிழல் தடுப்பு ஆகியவற்றை ஒப்பிடலாம். ‘ஆஷ்ரே’ 2018-ல் வெளியிட்ட 209-ஆம் தரநிலை, இந்தப் பெட்டி மாதிரியில் தொடங்கி, மக்கள் குடியேறிய பின் செய்யும் ஒப்பீடு வரை பணியைப் படிகளாகப் பிரிக்கிறது. எந்தப் படிகள் தேவை என்று உரிமையாளர் முன்கூட்டியே தேர்ந்தெடுக்கலாம். டெண்டர் விட்ட பின் வரும் மாதிரியால் வடிவமைப்பை மாற்றுவது கடினம்.

மூன்றாம் வகையில் மாதிரியை உண்மையான மின்கட்டண ரசீதுகளோடு பொருத்திச் சரிபார்க்க வேண்டும். ‘ஆஷ்ரே’வின் 14-ஆம் வழிகாட்டுதல்படி, மாதாந்திரத் தரவில் ஒட்டுமொத்தச் சார்புப் பிழை 5 சதவீதத்துக்குள்ளும், மாதவாரி ஏற்ற இறக்கப் பிழை 15 சதவீதத்துக்குள்ளும் இருக்க வேண்டும். இதற்கு ஓராண்டு ரசீதுகளும், அதே ஆண்டின் உண்மையான வானிலைத் தரவும் தேவை. புதிய கட்டடங்களுக்குப் பயன்படும் ‘சராசரி ஆண்டு’க் கோப்பு இங்கே உதவாது.

எவ்வளவு நுணுக்கம்?

நோக்கம் தெளிவானால் நுணுக்கத்தின் அளவும் தெளிவாகும். ஜன்னல் ஓரம் வெயிலால் சூடாகும். நடுப்பகுதியைச் சூடாக்குவது ஆட்களும் கணினிகளும் விளக்குகளும். அதனால் ஒரு தளத்தைப் பொதுவாக நான்கு ஓரப் பகுதிகளாகவும் ஒரு நடுப்பகுதியாகவும் பிரிப்பார்கள். ஒரே மாதிரியான பத்துத் தளங்கள் இருந்தால், ஒன்றை வரைந்து பத்தால் பெருக்கிக்கொள்ளலாம். ஒவ்வொரு அறையையும் தனித்தனியாக வரைவது பணியைப் பெருக்குமே தவிர, பல சமயங்களில் முடிவை மாற்றாது.

தட்பவெப்ப மண்டலத்தைத் தவறவிடக் கூடாது. விதித்தொகுப்பு இந்தியாவை ஐந்து மண்டலங்களாகப் பிரிக்கிறது. சென்னை வெப்பமும் ஈரப்பதமும் மிகுந்த மண்டலத்திலும், பெங்களூரு மிதமான மண்டலத்திலும் வருகின்றன. ஓர் ஊருக்காகச் செய்த மாதிரியின் முடிவை அப்படியே இன்னோர் ஊருக்கு எடுத்துச்செல்ல முடியாது.

ஒரு முன்னுதாரணம்

நியூயார்க்கின் எம்பயர் ஸ்டேட் கட்டடம் 1931-ல் திறக்கப்பட்டது. அதைச் சீரமைக்கும் திட்டம் 2009-ல் அறிவிக்கப்பட்டது. அறுபதுக்கும் மேற்பட்ட யோசனைகளை ஆராய்ந்த குழு, மாதிரியின் துணையோடு அவற்றை எட்டாகக் குறைத்தது. சுமார் 6,500 ஜன்னல்களைக் கட்டடத்துக்குள்ளேயே வைத்து மேம்படுத்துவது அவற்றில் ஒன்று. ஜன்னல், விளக்கு போன்றவற்றால் குளிரூட்டும் சுமை குறைந்ததால், தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர் இயந்திரங்களை மாற்றாமல் பழுதுபார்த்தே பயன்படுத்த முடிந்தது. ஆற்றல் பயன்பாடு 38 சதவீதம் குறைந்து, ஆண்டுக்கு 44 லட்சம் டாலர் மிச்சமாகும் என்று கணிக்கப்பட்டது. ஜன்னல்களை மட்டும் எல்லைக்குள் வைத்திருந்தால், சில்லரில் தவிர்க்கப்பட்ட செலவு கணக்கில் தெரிந்தே இருக்காது.

எழுத்தில் இருக்க வேண்டியவை

நோக்கம், ஒப்பீட்டு அடிப்படை, மென்பொருள், வானிலைக் கோப்பு, ஆராயப்படும் மாற்று யோசனைகளின் எண்ணிக்கை, வடிவமைப்பு மாறினால் எத்தனை முறை மாதிரியைத் திருத்துவது ஆகியவை ஒப்பந்தத்தில் இடம்பெற வேண்டும். எண்ணிக்கை குறிப்பிடப்படாத ‘தேவையான திருத்தங்கள்’ என்ற சொற்றொடர் கட்டணத் தகராறுகளுக்கு வழி திறக்கலாம். யார், எந்தத் தேதிக்குள், எந்தத் தகவலைத் தருவது என்ற பட்டியலும் வேண்டும். அலுவலகம் இயங்கும் நேரம், கணினிகளின் எண்ணிக்கை போன்றவை தெரியாதபோது எடுத்துக்கொள்ளும் அனுமானங்களில் உரிமையாளரின் ஒப்புதல் பெற வேண்டும்.

சரிபார்ப்பும் எல்லைக்குள் வர வேண்டும். அறை வெப்பநிலை குறித்த அளவை எட்டாத நேரம் ஆண்டுக்கு 300 மணியைத் தாண்டக் கூடாது என்கிறது இணைப்பு ஜி. ஏசியின் திறன் போதாத கட்டடம் தாளில் சிக்கனமாகத் தெரிவதைத் தடுக்கவே இந்த வரம்பு.

ஆற்றல் மாதிரிக்கு ஏற்பாடு செய்யும் உரிமையாளர், விலைப்புள்ளி கேட்பதற்கு முன் ஒன்றைச் செய்ய வேண்டும்: இந்த மாதிரியை வைத்து எடுக்கப்போகும் முடிவை ஒரே வாக்கியத்தில் எழுதிப் பார்க்க வேண்டும். அது எழுத வரவில்லையென்றால் மாதிரிக்கு இன்னும் நேரம் வரவில்லை.