யாக்கோபு நிருபத்தில் ஐயமும் ஞானமும்: ஒரு சொற்பொருள் விளக்கம்

முன்னுரை

ஞானத்தில் குறைவுள்ளவர் அதைக் கடவுளிடம் கேட்கலாம் என்றும், ஐயுறாமல் கேட்க வேண்டும் என்றும் புதிய ஏற்பாட்டின் யாக்கோபு நிருபம் (1:5-8) கூறுகிறது. ஐயுறுபவருக்குக் கடலலை உவமையாகிறது. இப்பகுதியைக் கொண்டு, வினா எழுப்புவதையே விசுவாசக் குறைவாகக் கருதுவோர் உண்டு. அக்கருத்து மூலச்சொற்களோடு பொருந்துமா என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

ஐயம் எனும் சொல்

இங்கு ஐயத்தைக் குறிக்கும் கிரேக்க வினைச்சொல் 'தியாக்ரினோ'. பிரித்தல், வேறுபடுத்தல், தீர்ப்பிடல் ஆகியன அதன் அடிப்படைப் பொருள்கள். தன்னுள் பிளவுபட்டுத் தயங்குதல் என்பது அவற்றின் விரிவு. சபைக்கு வரும் செல்வருக்கு நல்ல இடமளித்து ஏழையை ஒதுக்கும் செயலைக் கண்டிக்குமிடத்தும் (2:4) இதே வினை வருகிறது. மேலிருந்து வரும் ஞானத்தின் இயல்புகளுள் ஒன்றாக (3:17) அதன் எதிர்மறை வடிவமான 'அதியாக்ரிதோஸ்' இடம்பெறுகிறது. சீர்திருத்தத் திருச்சபைகளில் வழங்கும் பழைய தமிழ் மொழிபெயர்ப்பு இவற்றை முறையே சந்தேகம், பேதகம், பட்சபாதமின்மை எனச் சூழலுக்கேற்பப் பெயர்த்துள்ளது. அதனால் மூலத்திலுள்ள சொல்தொடர்பு தமிழில் புலப்படுவதில்லை.

இருமனமும் ஒருமையும்

ஐயுறுபவரை நிருபம் 'திப்சுகோஸ்', அதாவது இருமனமுள்ளவர் என்கிறது (1:8). இச்சொல் மீண்டும் வருமிடம் (4:8), உலகத்தோடு நட்புக் கொள்வது கடவுளுக்குப் பகையாகும் என்னும் கண்டனத்தைத் தொடர்வது. எனவே இருமனம் என்பது அறியாமையைக் குறிப்பதன்று. பற்று இரண்டாகப் பிளவுபட்ட நிலையைக் குறிப்பது. கடவுள் கொடுக்கும் முறையைச் சுட்டும் 'ஹப்லோஸ்' (1:5) என்னும் சொல், தாராளமாக என்பதோடு ஒருமை உள்ளத்தோடு என்றும் பொருள்படும். கொடுப்பவரின் ஒருமைக்கு எதிர்நிலையாகவே கேட்பவரின் இருமை நிறுத்தப்படுகிறது.

முடிவுரை

ஞானம் கேட்பவர் தம் குறையை முதலில் ஒப்புக்கொள்கிறார். அவரைக் கடவுள் கடிந்துகொள்வதில்லை என்பதும் அதே வசனத்தில் உள்ளது. இவ்வறிவுரை சோதனைகளைப் பற்றிய பேச்சைத் (1:2-4) தொடர்ந்து வருவதும் கருதத்தக்கது. துன்பத்தின் காரணம் விளங்காது கலங்குபவர்மீது இவ்வசனத்தைக் குற்றச்சாட்டாகச் சுமத்துவது அதன் நோக்கத்திற்கு மாறானது. யாக்கோபின் நோக்கில் உறுதியான விசுவாசம் என்பது வினாக்களற்ற நிலையன்று; விடை கிட்டாத வேளையிலும் கேட்குமிடத்தை மாற்றிக்கொள்ளாத நிலையாகும்.